பூவா, கிளிப்பா?

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதம், கையில் கொப்புளம் வந்து மருத்துவமனைக்குப் போனேன். விரல் இடுக்குகள் சிவந்து, நீர் கோத்து, தோல் உரிந்திருந்தது. இமைகள் வீங்கியிருந்தன. சீட்டு எழுதுகிறவர் "என்ன வேலை?" என்று கேட்டார். "வீட்லதான் சும்மா இருக்கன்" என்றேன். இல்லத்தரசி என்று எழுதிக்கொண்டார். பாத வெடிப்புக்கு மருந்து வாங்க அம்மாவும் கூட வந்திருந்தாள். அவளிடம் அதே கேள்வியைக் கேட்டதும், "உப்பளத்துல கூலி" என்று ஒரு நொடி யோசிக்காமல் சொன்னாள்.

அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் நான் 140 கிளிப் வார்த்திருந்தேன். அச்சில் ரெசின் ஊற்றி, காய வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடியில் கம்பி ஒட்டி, அட்டையில் குத்தி, புதுச்சேரியில் இரண்டு கடைகளுக்கு அனுப்பியிருந்தேன். ஆனாலும் என் வாயில் வந்த சொல் "சும்மா". மருத்துவர் சோப்பை மாற்றச் சொன்னார். வேலை இல்லாத பெண்ணுக்குக் கையில் வேறு எதனால் புண் வரும்? சோப்பை மாற்றினேன். புண் ஆறவில்லை.

அந்த "சும்மா" எங்கிருந்து என் வாயில் வந்து உட்கார்ந்தது என்று தேடப் போய்த்தான் கிளிப்பின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர் மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் குவியல்களைப் பார்த்துவிட்டு, வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் இடம். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். தை, மாசியில் பாத்தி மிதித்துத் தயார் செய்வார்கள். உப்புத்தண்ணீர் வெயிலில் வற்றி, மானியில் 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கும். "பூக்கும்" என்பது எங்கள் சொல்தான், அலங்காரமாகச் சொல்லவில்லை. ஆவணி, புரட்டாசி வரை வாருவார்கள். மழை வந்தால் முடிந்தது.

வாரிய உப்பைக் கரைக்குச் சுமப்பது பெரும்பாலும் பெண்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை. உப்பளத்துப் பெண்ணின் தலைமுடியை யாரும் உற்றுப் பார்த்து எழுதியதில்லை என்பதால் இதை எழுதி வைக்கிறேன். சும்மாடு உச்சியில் உட்கார வேண்டும். ஆகவே கொண்டை உச்சியில் இருக்கக் கூடாது. பின்னந்தலையிலும் உயரமாக இருக்கக் கூடாது, கூடை பின்னால் சாயும். பிடரிக்குக் கீழே, கழுத்தோடு ஒட்டி, முடியாலேயே முடியைச் சுற்றிச் செருகிக்கொள்வார்கள். ஊசி குத்தினால் பாரம் அழுத்தும்போது தோலில் ஏறும். அதைவிட, இரும்பு ஊசி எங்கள் ஊரில் ஒரு மாதம் தாங்காது. உப்புக்காற்றில் துரு பிடித்து, வியர்வையோடு சேர்ந்து ரவிக்கையின் முதுகில் செம்பட்டையாகக் கறை இறங்கும். அம்மாவின் பழைய ரவிக்கைகளில் அந்தக் கறையை நான் சோப்பு போட்டுத் தேய்த்திருக்கிறேன். கூந்தல் அலங்காரத்தைப் பற்றிய புத்தகங்கள் எல்லாம் அழகில் தொடங்குகின்றன. எங்கள் ஊரில் அது பாரத்திலும் துருவிலும் தொடங்குகிறது.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்கள் இதை ஒரு பட்டம் போலச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பாட்டில் வேறோர் இடம் பிடிக்கும். அது எயிற்பட்டினத்தைப் பற்றியதல்ல, கொற்கைக் கரையைப் பற்றியது. உப்பு வண்டி ஓட்டும் உமணர் கூட்டத்தோடு ஒரு குரங்கு வருகிறது. உமணப் பெண்களின் பிள்ளைகளோடு, சிப்பிக்குள் முத்தை அடைத்துக் கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. அந்தப் பெண்களின் கூந்தலைப் புலவர் ஐம்பால் என்கிறார். தோளின் பின்புறத்தை மறைக்கும் கூந்தல். ஐம்பால் என்றால் ஐந்து வகையாக முடிப்பது என்று உரைகாரர்கள் விளக்கி, கொண்டை, குழல், பனிச்சை என்று பெயர்களை அடுக்குவார்கள். உப்பு விற்கிறவளுக்கும் ஐந்து வகை முடிப்பு இருந்தது, அல்லது இருந்ததாக ஒரு புலவருக்குத் தோன்றியது. ஆனால் எதைக் கொண்டு முடிந்தாள்? நார், பூ, முள், மரக்குச்சி இவற்றில் எதுவும் மண்ணில் இரண்டாயிரம் வருடம் தங்காது.

தங்கியவை வேறு. கீழடியில் யானைத் தந்தத்தில் செய்த சீப்பு கிடைத்தது. தந்தம் மண்ணைத் தாங்கும். எங்களுக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் அரிக்கமேடு இருக்கிறது. 1930களில் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ராய் அங்கே ஊர்ப் பிள்ளைகளிடம் மணிகளை வாங்கினார் என்பார்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அடுத்து காசால். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற பெண் தொல்லியலாளர் மீண்டும் தோண்டி, வீலரின் கணக்குகள் பலவற்றைத் திருத்தினார். ரோமானியர் வந்து வளர்த்த ஊர் என்ற எண்ணத்துக்குப் பதிலாக, அவர்களுக்கு முன்பும் பின்பும் இயங்கிய ஓர் உள்ளூர்த் துறைமுகம் தெரிய வந்தது. அங்கே கண்ணாடியை உருக்கி, குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்த மணிகள் கடல் கடந்து போயின. இதே கரையில், இதே ஈரக்காற்றில், உருகிய ஒன்றை உறைய வைத்து நிறம் சேர்த்து அணிகலன் செய்யும் தொழில் அவ்வளவு பழையது. அதைச் செய்த கைகள் ஆணின் கையா பெண்ணின் கையா என்று மணி சொல்லாது. சொல்லாத இடத்தில் எல்லாம் நாம் ஓர் ஆண் கைவினைஞனைக் கற்பனை செய்துகொள்கிறோம். நானும் அப்படித்தான் கற்பனை செய்திருந்தேன்.

இனி பிசின். ரெசின் என்பது புதுப்பொருள், வெளிநாட்டுப்பொருள் என்றுதான் எங்கள் தெருவில் நினைக்கிறார்கள். ஆனால் தமிழ்ப் பெண்ணின் தலையில் ரெசின் ஏறிப் பல நூற்றாண்டாகிறது, அரக்கு என்ற பெயரில். நாகர்கோவிலை ஒட்டிய வடசேரியில் செய்யும் கோயில் நகைகளைப் பாருங்கள். ராக்கொடி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ஜடைநாகம். மேலே சிவப்புக் கெம்புக் கல், ஓரத்தில் பொன் தகடு. கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் அரக்கு. கல்லைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். எடை போடுகிறவன் அதைக் கழித்துவிடுவான். அடகுக் கடையில் "அரக்கு போக" என்று சொல்லிவிட்டுத்தான் விலை சொல்வார்கள்.

அரக்கு ஒரு பூச்சியின் பிசின். பெண் பூச்சி ஒரு கிளையில் வந்து ஒட்டிக்கொண்டதும் கால்களை இழக்கிறது. தன் உடம்பிலிருந்து சுரக்கும் பிசினுக்குள்ளேயே அடைபட்டு, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே சாகிறது. ஆண் பூச்சிக்கு அந்த விதி இல்லை, அது வெளியே வந்துவிடும். நான் இதைப் படித்துச் சொன்னபோது என் தங்கை, "இதுக்கு மேல நீ கட்டுரை எழுத வேணாம்க்கா" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த ஜடைநாகத்தையும் ராக்கொடியையும் அன்றாடம் உரிமையோடு அணிந்தவர்களில் கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட பெண்கள் முக்கியமானவர்கள். முத்துலட்சுமி ரெட்டி அந்த முறைக்கு எதிராகச் சென்னைச் சட்டமன்றத்தில் போராடினார். 1947-இல் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுவது நின்றது, நிற்க வேண்டியதுதான். அதே காலத்தில் சதிர் பரதநாட்டியமாகி வேறு வீட்டுப் பெண்களிடம் போனது. நகையும் கூடவே போனது. அதை அணிந்திருந்தவர்கள் பலர் நகை, நடனம், மானியம் மூன்றும் இல்லாமல் நின்றார்கள். இன்று பள்ளி ஆண்டுவிழாவுக்கு டான்ஸ் செட் வாடகைக்கு எடுக்கிறோம். அதில் இருக்கும் ஜடை பில்லையில் கல் பிளாஸ்டிக், தகடு முலாம், ஒட்டு ஏதோ ஒரு பசை. மரக்காணத்துப் பிள்ளைகளும் அதைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். யாருடைய தலையிலிருந்து வந்தது என்று கேட்கத் தெரியாத வயது. எனக்கும் முப்பது தாண்டித்தான் தெரிந்தது.

பூச்சியை விட்டு ரசாயனத்துக்குப் போன கதை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தது. தந்தம் கட்டுப்படியாகாமல் போனபோது மாற்றுப் பொருள் தேடியவர்களில் ஜான் வெஸ்லி ஹயாட் 1870 வாக்கில் செல்லுலாய்டைக் கொண்டுவந்தார். பில்லியர்ட்ஸ் பந்துக்காகத் தேடியது, பெண்களின் சீப்புக்கும் கொண்டை ஊசிக்கும்தான் அதிகம் பயன்பட்டது. பஞ்சையும் நைட்ரிக் அமிலத்தையும் சேர்த்துச் செய்யும் பொருள் அது. வெடிமருந்துக்குப் பங்காளி, ஒரு பொறி பட்டால் எரியும். சீப்புப் பட்டறைகளில் தீ விபத்து நடப்பது வழக்கமாகவே இருந்தது. 1907-இல் லியோ பேக்லண்ட் அரக்குக்கு மாற்று தேடப் போய் பேக்லைட் செய்தார். மின்சாரக் கம்பிகளுக்கு அரக்கு போதவில்லை, அதுதான் காரணம். ஆக, நம் பூச்சியின் வேலையை முதலில் பறித்தது பேக்லைட்.

மாசசூசெட்ஸில் லெமின்ஸ்டர் என்று ஓர் ஊர். சீப்பு நகரம் என்றே அதற்குப் பெயர். முதலில் கொம்புச் சீப்பு, அப்புறம் செல்லுலாய்டுச் சீப்பு. 1920களில் பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். கழுத்து வரை குட்டை முடிக்குக் கொண்டை ஊசி எதற்கு? பட்டறைகள் வரிசையாக மூடின. அங்கே பெண்களின் தலை அணிகள் செய்துகொண்டிருந்த ஃபாஸ்டர் கிராண்ட் நிறுவனம் 1929-இல் கறுப்புக் கண்ணாடி விற்கப் போனது.

இதை வாசித்தபோது நான் கொஞ்சம் ஆடிப்போனேன். ஏனென்றால் நான் வளர்ந்த வீட்டில் பெரியார் படம் மாட்டியிருந்தது. பெண்கள் கிராப் வெட்டிக்கொள்ள வேண்டும், கூந்தலுக்கும் நகைக்கும் பூவுக்கும் போகும் நேரம் வீண் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா அதை மேடையில் பேசுவார். அம்மாவின் முடி இடுப்பு வரை இருந்தது, அதை வெட்டச் சொல்லி வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. நான் அவருடைய மகள், கூந்தலுக்குக் கிளிப் செய்து பிழைக்கிறேன். ஒரு தோழி இதை நேராகவே கேட்டாள்: "நீ பெண்ணியம் பேசற, ஆனா விக்கறது ஜடை மாட்டி?" லெமின்ஸ்டரில் முடி வெட்டிக்கொண்டவர்களும் பெண்கள், வேலை போனவர்களில் பலரும் பெண்கள். பெரியார் சொன்னது சரியா என்று கேட்டால் சரி என்பேன். ஆனால் முடி வைத்திருப்பவளின் அடிமைத்தனத்தைப் பேசிய அளவுக்கு, அவள் தலைக்கு ஊசி செய்து கொடுத்தவளின் கூலியை நாம் பேசவில்லை.

அமெரிக்கத் தொப்பிகளில் செருகிய செயற்கைப் பூக்களை யார் செய்தார்கள் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1900களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் நெருக்கடியான குடியிருப்புகளுக்குள் போய், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பூ ஒட்டும் தாய்மாரையும் பிள்ளைகளையும் படம் எடுத்தார். அந்தப் படங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டு நடு அறை நினைவுக்கு வந்தது. சாப்பிடுகிற இடம், பிள்ளை படிக்கிற இடம், ரெசின் ஊற்றுகிற இடம் மூன்றும் ஒன்றே.

இப்போது நான் ஊற்றும் ரெசின் எபாக்சி. சுவிட்சர்லாந்தில் பியர் கஸ்தான் என்பவர் 1930களில் பல்செட் செய்யத் தோதான பொருள் தேடியபோது கிடைத்தது. அந்த உரிமையை வாங்கிய சிபா நிறுவனம் 1946-இல் அரால்டைட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. எங்கள் வீடுகளில் உடைந்த பக்கெட்டை ஒட்டிய அதே அரால்டைட்.

ஆனால் ரெசின் என்ற சொல் எங்கள் கரைக்குக் கிளிப்போடு வரவில்லை, படகோடு வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குப்பங்களில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு நிறைந்தது. படகு பாறையில் உரசினால் நார்த்துணி வைத்து, மேலே ரெசின் பூசி அடைக்க வேண்டும். அது பாலியெஸ்டர் ரெசின், என்னுடையதற்கு ஒன்றுவிட்ட உறவு, நாற்றம் தலையைப் பிளக்கும். அந்த வேலை செய்கிறவரை மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். நாள் கூலி பேசித்தான் மண்ணில் கால் வைப்பார். டீயும் வடையும் தனி. திறந்த வெளியில், கடற்காற்றில் வேலை செய்கிறார். எங்கள் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் அப்படி ஒரு மேஸ்திரி. அவர் என் அச்சுகளைப் பார்த்து, "நம்ம ஐட்டம்தான், நீ பொம்மைக்கு ஊத்தற" என்றார். அன்போடுதான் சொன்னார், எனக்கு முதல் கால் கிலோவைக் கலக்கக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். அவர் செய்தால் வேலை, நான் செய்தால் கைவேலை. "கை" என்ற ஓர் ஒட்டு சேர்ந்ததும் கூலி எப்படிக் கரைகிறது என்று பாருங்கள்.

கணக்கு சொல்கிறேன். நான் தொடங்கிய வருடம் ஒரு கிளிப்பைக் கடைக்காரர் என்னிடம் 45 ரூபாய்க்கு எடுத்தார். ரெசின், ஹார்டனர், நிறம், கம்பி, அட்டை சேர்த்து 21 ரூபாய். மிச்சம் 24. ஊற்றுவது சில நிமிடம்தான். தேய்ப்பதும் குமிழி உடைப்பதும் கழிவானதை எறிவதும் சேர்த்தால் ஒரு கிளிப்புக்கு அரை மணி நேரம் ஆகும். நான் அரை மணியைக் கணக்கில் எழுதியதே இல்லை. மின்விசிறி ஓடிய மின்சாரத்தையும் எழுதவில்லை. வீட்டு வாடகையையும் இல்லை. இந்தக் கணக்கைப் போடாமல் இருக்கும்வரை எனக்கு லாபம் வந்துகொண்டே இருந்தது.

எங்கள் காற்றும் சும்மா இருக்காது. ஹார்டனர் ஈரத்தையும் கரியமிலவாயுவையும் இழுக்கும். மழைக்காலத்தில் ஊற்றினால் மேலே எண்ணெய்ப் படலம் போல வெண்மை படிந்து பிசுபிசுக்கும், எவ்வளவு தேய்த்தாலும் கண்ணாடித்தெளிவு வராது. உப்பளம் ஐப்பசி முதல் மார்கழி வரை மூடிக் கிடக்கும்போதுதான் பெண்களுக்குக் கை ஓயும். நானும் அந்த மூன்று மாதத்துக்கென்றுதான் இதில் இறங்கினேன், பக்கத்து வீட்டு இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டேன். கை ஓய்ந்திருக்கும் மாதமும் ரெசின் காயாத மாதமும் ஒன்றே என்று அப்போது தெரியாது. மாநில அரசு 2022-இலிருந்து மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. அம்மாவுக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு 5,000 போதுமா என்பது ஒரு பக்கம். அந்தப் பணம் வர முதலில் "உப்பளத் தொழிலாளி" என்ற பெயர் வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பெயர் இருந்தது.

ஒரு கிளிப்பில் உப்புக்கல் பதிக்கலாம் என்று எனக்கு ஆசை. பாத்தியிலிருந்து எடுத்த நல்ல சதுரக் கல்லாகப் பொறுக்கி ஊற்றினேன். இரண்டே நாளில் கல்லைச் சுற்றிப் பால் போல் கலங்கியது. கல்லுக்குள் தாய்த்தண்ணீர் இருக்கிறது. தோசைக்கல்லில் வறுத்தேன், படபடவென்று வெடித்துச் சிதறியது. சிதறாமல் மிஞ்சிய சிறு கற்களைப் பதித்தபோதுதான் நின்றது. அம்மாவுக்கு முதல் கிளிப்பைக் கொடுத்தேன். உப்பளத்துக்குப் போட்டுக்கொண்டு போனாள். மாலையில் கிளிப் வில்லாக வளைந்து வந்தது. மலிவு ரெசின் ஐம்பது, அறுபது டிகிரிச் சூட்டிலேயே இளகும், பாத்திக்கரையில் சித்திரை வெயில் நேராக விழும். "உப்ப உள்ள வெச்ச, உப்பளத்த தாங்கலியே" என்று அம்மா சிரித்தாள். புதுச்சேரிக் கடையில் அந்த உப்புக்கல் கிளிப்தான் அதிகம் போனது. குளிர்சாதன அறையில் இருப்பவர்கள் தலையில் அது வளையவில்லை.

கைப்புண் எதனால் என்று கடைசியில் எனக்குச் சொன்னது ஹார்டனர் பாட்டிலின் பின்பக்கம். எறும்பளவு எழுத்து, முழுக்க ஆங்கிலம். தோலில் படக் கூடாது, கையுறை வேண்டும், காற்றோட்டம் வேண்டும், ஒவ்வாமை ஏற்படுத்தும். எபாக்சித் தொழிற்சாலைகளில் இது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த தொழில் நோய். ஒருமுறை உடம்பு அதை எதிரி என்று பதிந்துகொண்டால், அப்புறம் துளி பட்டாலும் கொப்புளிக்கும். வாழ்நாள் முழுக்க. உப்பளத்தில் கால் வெடிப்பதும் வெயில் பளபளப்பில் கண் கெடுவதும் தொழில் நோய் என்றாவது பேசப்படுகிறது, சங்கங்கள் பூட்சும் கண்ணாடியும் கேட்கின்றன. என் நடு அறையில் யார் யாரிடம் கையுறை கேட்பது? முதலாளி நான், கூலியாள் நான், இரண்டு பேருமே சீட்டில் இல்லத்தரசி.

வீட்டிலிருந்து செய்யும் வேலையும் வேலைதான் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, எண் 177. அதற்காக முன்னின்று போராடியவர்களில் எலா பட் 1972-இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா அமைப்பும் உண்டு. இந்தியா இன்னும் அதை ஏற்று ஒப்பமிடவில்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்தபோது, மாதம் 1,000 ரூபாயைவிட "உரிமை" என்ற சொல்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வீட்டுக்குள் நடப்பதும் உழைப்பு என்று ஓர் அரசாணையில் எழுதியிருக்கிறது. ஆனால் அதில் அடுப்பும் பிள்ளையும் வருகின்றன. அடுப்புக்குப் பக்கத்தில் நான் ஊற்றும் ரெசின் வருகிறதா? உப்பு என்றாலே 1930-ஐ நினைக்கிறோம், வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரகத்துக்காகச் சிறை போன ருக்மிணி லட்சுமிபதியைச் சரியாகவே நினைவு வைத்திருக்கிறோம். அள்ளிய ஒரு பிடி உப்பு வரலாறானது. அன்றாடம் கூடை கூடையாக அள்ளியவளுக்கும் பெயர் வேண்டும் என்று கேட்பது அவரைக் குறைப்பதாகாது.

இந்தக் கட்டுரையை இங்கே நிறுத்தியிருப்பேன். பெரியம்மா விடவில்லை.

பெரியம்மாவுக்கு 31 வயதில் பெரியப்பா போய்விட்டார். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் இப்போது முடியை மழிப்பதில்லை. ஆனால் பதினாறாம் நாள் பூவை வைத்து அறுப்பது இருந்தது, அதன்பின் பூ இல்லை. எங்கள் ஆயாவும் அப்படித்தான், கறுப்புப் பிளாஸ்டிக் ஊசி ஒன்று மட்டும். ஊசியை யாரும் தடுக்கவில்லை, அது அலங்காரம் இல்லையாம், முடி கலையாமல் இருப்பதற்காம். மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் கிராமப் பஞ்சாயத்து 2022 மே மாதம் இந்தச் சடங்குகளை எல்லாம் ஊரில் செய்யக் கூடாது என்று தீர்மானம் போட்டது. செய்தித்தாளில் வந்ததை நான் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அங்க போட்டாங்களா" என்று மட்டும் கேட்டார்.

சில மாதம் கழித்து, நான் பூக்களைக் காய வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மல்லிகை ரெசினுக்கு ஆகாது, ஈரம் அதிகம், எவ்வளவு காய வைத்தாலும் பழுப்பாகிவிடும். வாடாமல்லி அப்படியல்ல. செடியிலேயே பாதி காய்ந்ததுதான், நிறம் போகாது. ஒரு பூவை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"இத உள்ள வெச்சி ஊத்திட்டா, அது பூவா, கிளிப்பாடி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சட்டம் படித்தவள் போல யோசித்தேன். பூதான், ஆனால் தொட முடியாது, மணக்காது. கிளிப்தான், ஆனால் பார்த்தால் பூ.

"நீங்க என்ன சொல்றீங்க பெரிம்மா?"

"ஊர்ல கேட்டா கிளிப்புன்னு சொல்லிக்கலாம்ல."

கொண்டைக்குச்சியாக ஊற்றினேன். இரும்புக் கம்பி வேண்டாம் என்று முழுவதும் ரெசினிலேயே. மெல்லியதாக இருந்தால் ஒடியும், கட்டைவிரல் பருமன் வைத்தேன். தலைப்பில் மூன்று வாடாமல்லி. கையுறை போட்டுக்கொண்டு, கொல்லைப்புறத்தில் வைத்து, பங்குனி மாதத்து வெயிலில் ஊற்றினேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று இந்த முறை குறித்து வைத்தேன், ஒரு மணி பத்து நிமிடம். மூன்று நாள் காய விட்டேன்.

அவர் கொண்டையில் நான் செருகியபோது கண்ணாடியில் பார்க்கவில்லை. கையால் தடவிப் பார்த்தார், இரண்டு மூன்று முறை. முந்தானையை எடுத்துத் தலையைச் சுற்றி மூடிக்கொண்டு தெருவுக்குப் போனார். கடைத்தெரு முனையில் காற்று வந்து முந்தானை சரிந்தது. அவர் அதைத் திரும்ப இழுத்துவிடவில்லை.

"எவ்ளோடி இது?" என்று மாலையில் வந்து கேட்டார். நான் வேண்டாம் என்றேன். "வேலைக்குக் கூலி வாங்காம இருக்காத" என்று இடுப்பிலிருந்து எடுத்து 100 ரூபாயைப் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.